கிடங்கு விளக்குகளில் வயர்லெஸ் கட்டுப்பாடு: சரக்கு ஏறிய பிறகும் அறுந்துபோகாத மெஷ்

கட்டிடத்தில் 48 மீட்டர் நீளமுள்ள ரேக் சந்துகள் 8. ஒவ்வொரு சந்தின் மேலும் 6 மீட்டருக்கு ஒன்றாக 8 ஹைபே (உயரமான கூரைக்கான தொங்கு விளக்கு), தொங்கும் உயரம் 10.5 மீட்டர், ஆகச் சந்துகளில் மட்டும் 64. சரக்கு ஏற்றி இறக்கும் பகுதியில் 14 ஹைபே, பேக்கிங் ஹாலில் 12 லீனியர் ஃபிட்டிங், ஒட்டியுள்ள அலுவலகத்தில் 24 சீலிங் பேனல். எல்லாமே எல்இடி. இதுவரை எல்லாம் வாசலருகே உள்ள சுவிட்ச் வரிசையிலிருந்து, காலையில் போட்டால் இரவில்தான் அணையும்.

செய்ய வேண்டியவை: ஆள் இல்லாத சந்து 10 சதவீதத்தில் நிற்க வேண்டும், ஆளோ ஃபோர்க்லிப்டோ நுழைந்ததும் முழு வெளிச்சம் வர வேண்டும். பேக்கிங் மேசையில் வெயில் எப்படி இருந்தாலும் 300 லக்ஸ் (மேசையில் விழும் வெளிச்சத்தின் அளவு) மாறாமல் இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு 500 லக்ஸ். புதுக் கட்டுப்பாட்டு வயர் எதுவும் இழுக்கக் கூடாது.

வேலை தொடங்கும்போது ரேக்குகள் பாதி காலி. இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலான தொல்லை அங்கிருந்துதான் முளைக்கிறது. நோடு என்பது விளக்கோடு சேர்க்கும் சிறு வயர்லெஸ் கட்டுப்பாட்டுக் கருவி; நோடுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் வலைதான் மெஷ். காலி ரேக்கில் எல்லா நோடும் ஒன்றையொன்று கேட்கும். அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் உச்சி வரை ஏறிய பிறகு ஓரத்து நோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு முடிவும் "சரக்கு நிறைந்தால் என்ன ஆகும்" என்ற கேள்வியை வைத்து எடுத்தது.

முதலில் ஃபிட்டிங்கைத் திறந்து பார்ப்பது

எந்த நோடும் வாங்குவதற்கு முன் டிரைவரை, அதாவது எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் யூனிட்டை, பார்க்க வேண்டும். ஹைபேயிலும் லீனியரிலும் 1–10 வோல்ட் டிம்மிங் டிரைவர், அலுவலகப் பேனலில் டாலி (DALI, டிஜிட்டல் செய்தியால் விளக்கைக் கட்டுப்படுத்தும் முறை). லேபிளில் டிம்மிங் என்று இருந்தால் மட்டும் போதாது. ஒரே வரிசையில் தொங்கும் எட்டில் இரண்டு, முன்பு பழுதாகி வேறு டிரைவர் மாற்றப்பட்டதாக இருக்கலாம். அந்த மாற்று டிரைவரில் டிம் வயரே இல்லாமலும் போகலாம். மாதிரிக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு 90 நோடு ஆர்டர் கொடுத்தால் பிறகு ஏணி மேல் நின்றுதான் அது தெரியவரும்.

சோதனை எளிது. 1–10 வோல்ட் டிரைவரில் டிம் முனைக்கு மின்னழுத்தம் கொடுப்பது டிரைவர்தான். கட்டுப்படுத்தும் கருவி அதை இழுத்துக் கீழே இறக்க மட்டுமே செய்கிறது. ஐஇசி 60929 என்ற சர்வதேசத் தரநிலையின் பின்னிணைப்பு இ (Annex E) சொல்வது இந்த முறையைத்தான். எனவே:

இரண்டு டிம் வயரும் எதிலும் சேராமல் இருந்தால் விளக்கு முழு வெளிச்சம். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் குறைந்தபட்ச வெளிச்சம். சேர்த்தும் மாறவில்லை என்றால் அது டிம் ஆகாத டிரைவர், அல்லது டிம் முனை போய்விட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை. டிம் வயர் 10 வோல்ட்தானே என்று வெறுங்கையில் பிடிக்கக் கூடாது. பல டிரைவர்களில் அந்த முனைக்கும் மெயின்ஸுக்கும் இடையே அடிப்படை இன்சுலேஷன் மட்டுமே இருக்கும். சப்ளையை நிறுத்தி, பூட்டி, டெஸ்டரில் பார்த்த பிறகே வயரைச் சேர்ப்பது, பிரிப்பது எல்லாம். டிம் வயரையும் மெயின்ஸ் வயருக்கு உள்ள அதே இன்சுலேஷன் தரத்திலேயே போட வேண்டும்.

இன்னொன்று, துருவம். ஒரே டிம் ஜோடியில் நான்கு டிரைவரைச் சேர்க்கும்போது ஒன்றில் பிளஸும் மைனஸும் மாறிப்போனால் அந்த ஒன்று மட்டும் கெடாது. அதன் பாதுகாப்பு டயோடு வழியாக ஜோடி முழுவதும் கீழே இறங்கி நான்கும் மங்கிவிடும். நோடு பழுது என்று நினைத்து நோடை மாற்றுவார்கள், மாற்றிய பிறகும் அதே நிலை. டிம் வயரை ஒவ்வொரு டிரைவராகப் பிரித்துக்கொண்டே வந்தால் எதைப் பிரித்ததும் மற்றவை எழுகின்றனவோ அதுதான் தலைகீழாகச் சேர்ந்தது.

டாலி பேனலுக்கு இந்தத் தொல்லை இல்லை, துருவம் பார்க்க வேண்டாம். ஆனால் வேறொரு கணக்கு உண்டு. ஒரு டிரைவர் பஸ்ஸிலிருந்து (டாலி டிரைவர்களை இணைக்கும் வயர் ஜோடி) அதிகபட்சம் 2 மில்லிஆம்பியர் எடுக்கும். 12 டிரைவருக்கு 24. வயர்லெஸ் டாலி நோடு தன்னுள்ளேயே பஸ் சப்ளை வைத்திருந்தால் அதன் அளவு இதைத் தாங்க வேண்டும். மறுபக்கம், டி4ஐ வகை டிரைவராக இருந்தால் அதுவே பஸ்ஸுக்குச் சப்ளை கொடுக்கும். அப்போது நோடும் கொடுத்தால் இரண்டும் கூடும். மொத்தம் 250 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது, அப்போது துருவமும் ஒத்துப்போக வேண்டும். 24 பேனலை 12, 12 ஆகப் பிரித்து இரண்டு நோடு போட்டது இந்தக் கணக்கால் மட்டுமல்ல, சன்னல் பக்கம் தனி, உள்பக்கம் தனி என்று பிரிய வேண்டும் என்பதாலும்.

பொருள்களின் எண்ணிக்கை

சென்சாரும் நோடும் ஒரே உடலில் உள்ளவை 30: சந்துகளுக்கு 24, ஏற்றி இறக்கும் பகுதிக்கு 4, பேக்கிங்குக்கு 2. சென்சார் இல்லாத வெறும் நோடு 60. டாலி நோடு 2, அலுவலகச் சீலிங் சென்சார் 4. ஆக மின்சாரத்தில் இயங்கும் நோடுகள் 96. பேட்டரி இல்லாமல் அழுத்தும் விசையிலேயே இயங்கும் சுவர் சுவிட்ச் 6, மெஷ்ஷை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் கேட்வே 1. உதிரியாக வெறும் நோடு 4, சென்சார் நோடு 2.

ஒரு நோடு ஒரு ஃபிட்டிங்குக்கா, நாலுக்கு ஒன்றா? செலவைப் பார்த்தால் நாலுக்கு ஒன்று என்று கை போகும். போட வேண்டாம் என்பதே இங்கே எடுத்த முடிவு, காரணம் நோடுக்குள் விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் காண்டாக்ட். 150 வாட் டிரைவர் 230 வோல்ட்டில் சுமார் 0.65 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் ஆன் ஆகும் நொடியில் உள்ளே உள்ள கபாசிட்டர் நிரம்ப, சில நூறு மைக்ரோசெகண்டுக்குப் பத்துப் பத்தாக ஆம்பியர் பாயும். டேட்டாஷீட்டில் இன்ரஷ் என்று தனி வரி இருக்கும், அதைப் படிக்க வேண்டும். நாலு டிரைவர் ஒரே ரிலேயில் என்றால் நாலின் பாய்ச்சலும் ஒரே காண்டாக்ட்டில். 5 ஆம்பியர் ரிலேக்கு 2.6 ஆம்பியர் லோடு என்று கணக்குச் சரியாகத் தெரியும். சில மாதங்களில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அடையாளம் தெளிவானது: மங்கும், ஆனால் அணையாது. டிம் வயர் விட்டுப்போயிருந்தால் இதற்கு நேர்மாறு: அணையும், ஆனால் மங்காது. ஏறிப் பார்ப்பதற்கு முன்பே எதை எடுத்துக்கொண்டு ஏறுவது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

நிரந்தர சப்ளை

வயர்லெஸ் நோடுக்கு ஃபேஸும் நியூட்ரலும் எந்நேரமும் வர வேண்டும். பழைய சுவர் சுவிட்ச் இடையில் இருந்தால் யாராவது ஒருவர் பழக்கத்தில் அணைப்பார். அந்த வரிசை விளக்கு மட்டும் போகாது, அந்த நோடுகள் வழியாகச் செய்தி பெற்றுக்கொண்டிருந்த அடுத்த வரிசையும் தடுமாறும். சுவிட்சில் "அணைக்காதீர்" என்று ஒட்டுவது தீர்வாகாது. சுவிட்சை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் ஃபேஸ் இரண்டையும் கனெக்டரில் நேராகச் சேர்த்து, வெற்றுத் தட்டு போட்டு மூட வேண்டும். விசையில் இயங்கும் வயர்லெஸ் சுவிட்சை அந்தத் தட்டின் மேலேயே ஒட்டலாம், ஆனால் உலோகத் தட்டில் ஒட்டக் கூடாது.

பேனல் பெட்டியில் டைமரோ கான்டாக்டரோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நோடு காணாமல் போய் மறுநாள் காலையில் திரும்பி வந்தால் ரேடியோவைத் தேட வேண்டாம், மேலே எங்கோ ஒரு டைமர் அந்தச் சர்க்யூட்டை வெட்டுகிறது.

அவசர வெளிச்சத்துக்கான ஃபிட்டிங்குகளுக்குச் சுவிட்ச் ஆகாத தனி ஃபேஸ் போவதைத் தொடக் கூடாது. நோடின் ரிலே அந்த ஃபேஸுக்கு நடுவில் வந்தால், நோடு அணைக்கும் ஒவ்வொரு முறையும் அவசர யூனிட் கரன்ட் போனதாக நினைத்துப் பேட்டரியைக் கரைக்கும். நிஜமாகவே கரன்ட் போகும் நாளில் பேட்டரியில் எதுவும் மிஞ்சியிருக்காது. இதில் சந்தேகம் இருந்தால் அந்த ஃபிட்டிங்கை வயர்லெஸ்ஸில் சேர்க்காமல் விடுவதே மேல்.

கரன்ட் வந்ததும் நோடு என்ன செய்ய வேண்டும் என்பது அமைப்பில் உள்ள தெரிவு: அணைந்தே இருப்பது, குறிப்பிட்ட அளவில் எரிவது, முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது. கிடங்குக்கு இரண்டாவதுதான், அளவு 100 சதவீதம். மெஷ் முழுவதும் செத்தாலும் சப்ளை இருக்கும்வரை வெளிச்சம் இருக்கும். இருட்டில் ஃபோர்க்லிப்ட் ஓடுவதைவிடக் கூடுதலாக எரியும் விளக்கு தேவலாம்.

ரேடியோ

எடுத்தது புளூடூத் மெஷ். இதன் விதிமுறை 2017-இல் வந்தது. விளக்குக் கட்டுப்பாட்டுக்கான தனிப் புரொஃபைல்கள் 2023-இல் சேர்ந்தன. ஜிக்பீ என்ற மற்றொரு வயர்லெஸ் முறையும் இந்த வேலையைச் செய்யும். வேறுபாடு சுருக்கமாக: ஜிக்பீ ஒரே சேனலில் உட்காரும், அதற்கு 11 முதல் 26 வரை சேனல் உண்டு, வைஃபை 1, 6, 11-இல் ஓடினால் ஜிக்பீயை 15, 20, 25 ஆகிய இடைவெளிகளில் வைக்க வேண்டும், யாராவது வைஃபை சேனலை மாற்றினால் சிக்கல். புளூடூத் மெஷ் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று இடத்திலும் ஒரே செய்தியை மாற்றி மாற்றி அனுப்பும், இம்மூன்றும் வைஃபை 1, 6, 11-இன் நடுப்பகுதியிலிருந்து விலகியவை. பாதை கண்டுபிடிக்கும் வேலையும் இல்லை. கேட்டதை அடுத்தவருக்குச் சொல்வது மட்டுமே. ஒரு நோடு போனால் பாதை மாற்றிக் கட்ட நேரம் தேவைப்படாது.

ஆண்டெனாவின் இடம்தான் அடுத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் திறந்தவெளியில் 1 மீட்டருக்கு 40 டெசிபெல் இழப்பு, 10 மீட்டருக்கு 60, அதன்பின் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 6 கூடும். 0 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; எண் கீழே போகப் போக வலு குறைவு) அனுப்பி −95 வரை கேட்கும் நோடுக்குத் தாளில் பார்த்தால் நூறு மீட்டருக்கு மேல் எட்டும். ஆனால் நோடை ஹைபேயின் உலோக உடலுக்குள் தள்ளி மூடினால் அந்தக் கணக்கில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். எனவே ஃபிட்டிங்கின் பக்கவாட்டில் 22 மில்லிமீட்டர் துளையில் கழுத்தை நுழைத்து, உடல் வெளியே நிற்கும் வகை நோடுதான் எடுக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் நட், வெளியே ரப்பர் வாஷர். மிச்ச வயரைச் சுருட்டி நோடின் மேலேயே கட்டிவைக்கக் கூடாது. நோடு தொங்கும் பக்கம் சந்தின் நீளவாக்கில் பார்த்திருக்க வேண்டும், ரேக் பக்கம் அல்ல. தகரக் கூரைக்கு அடியில் வெப்பம் ஏறும், ஆகவே நோடின் வெப்ப அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். ஹீட்சிங்க்குக்கு நேர் மேலே வைத்தால் இன்னும் கூடும்.

ஹைபேகள் எல்லாம் 10.5 மீட்டரில் ஒரே மட்டத்தில் இருப்பதால் ரேக்குக்கு மேல் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும். சரக்கு 10 மீட்டருக்குக் கீழே நிற்கும்வரை சந்துக்குச் சந்து தொடர்பு அறாது. சிக்கல் இரண்டு இடத்தில்: 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுவர் சுவிட்சுக்கும் மேலே உள்ள நோடுக்கும் இடையில், பிறகு அலுவலகச் சுவரில். அலுவலகச் சுவர் இரு பக்கமும் தகரம் ஒட்டிய சாண்ட்விச் பேனல். அதன் வழியாக ஊடுருவும் என்று நம்பக் கூடாது. கதவுக்கு மேல் உள்ள கண்ணாடியின் இருபுறமும் தலா இரண்டு நோடு பார்த்துக்கொள்ளும்படி வைத்து அங்கே பாலம் கட்டியது. ஒன்றுக்கொன்று மாற்றாக இரண்டு வழி இருக்க வேண்டும்; ஒரே பாலம் என்றால் அந்த நோடு போகும் நாளில் அலுவலகம் முழுவதும் தனித்தீவு.

ரேக் காலியாக இருக்கும்போது அளந்தால் பக்கத்து நோடின் சிக்னல் −75 டிபிஎம் அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. சரக்கு ஏறி 15 டெசிபெல் விழுந்தாலும் −90-இல் நிற்கும், இன்னும் கேட்கும். −82 காட்டிய இடங்களில் "இப்போது வேலை செய்கிறதே" என்று விடாமல் இடையில் செய்தியை அடுத்ததற்குக் கடத்தும் நோடு ஒன்று சேர்க்க வேண்டும்.

மெஷ்ஷில் சேர்த்தல்

ஒவ்வொரு நோடிலும் கியூஆர் ஸ்டிக்கர் இரண்டு வரும். ஒன்றைப் பிய்த்துத் தளவரைபடத்தில் அந்த ஃபிட்டிங்கின் இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் நோடு மேலே ஏற வேண்டும். இது தவறினால் 96 நோடையும் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்ட வைத்து, கீழே ஒருவர் ஓடி ஓடித் தேட வேண்டியிருக்கும். 10.5 மீட்டர் உயரத்தில் அது ஒரு முழு நாள் வேலை. பெயர் வைக்கும் முறை: சந்து எண், ஃபிட்டிங் எண். "03-05" என்றால் மூன்றாம் சந்தில் ஐந்தாவது. வேறு அலங்காரம் வேண்டாம்.

இனி எந்த நோடு செய்தியைக் கடத்த வேண்டும் என்பது. மெஷ் மொழியிலும் இதற்கு ரிலே என்றுதான் பெயர், காண்டாக்ட் ரிலேயோடு குழம்பாமல் இருக்க இங்கே கடத்தும் நோடு. பெரும்பாலும் எல்லா நோடும் கடத்தும்படியே வரும். 96-ம் கடத்தினால் ஒரு செய்திக்கு 96 எதிரொலி. ஒன்றன் மேல் ஒன்று மோதி, வலுவான சிக்னல் இருக்கும் இடத்திலேயே செய்தி தொலையும். சிக்னல் நன்றாக இருந்தும் விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிவது இதனால்தான். சந்துக்கு 3 என்று 24, ஏற்றி இறக்கும் பகுதியில் 4, பேக்கிங்கில் 3, அலுவலகப் பாலத்தில் 4. மொத்தம் 35 நோடு மட்டும் கடத்தும், மற்றவற்றில் நிறுத்தியது. டிடிஎல் 5. அதாவது ஒரு செய்தி இடையில் 4 கடத்தும் நோடு வரை தாண்டலாம். இந்த அளவுக் கட்டிடத்துக்கு அது போதும். பயத்தில் 20 வைத்தால் செய்தி தேவையின்றிச் சுற்றும்.

சந்துக்கு ஒரு குரூப் முகவரி, அதில் 8 நோடு. சென்சார் தன் சந்தின் குரூப்புக்கு ஒரே செய்தி அனுப்பும், எட்டும் ஒருசேர எழும். நோடு நோடாக எட்டுச் செய்தி அனுப்பும்படி வைத்தால் விளக்குகள் பொரி பொரிவது போல் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். குரூப் செய்தியை ஒப்புதல் கேட்காத வகையில் அனுப்பி, அதையே 3 முறை திரும்ப அனுப்பும்படி வைக்க வேண்டும். ஒப்புதல் கேட்டால் எட்டு நோடும் ஒரே நேரத்தில் "கிடைத்தது, கிடைத்தது" என்று கத்தும்; எல்லா விளக்கையும் ஒன்றாக அணைக்கும் செய்தி என்றால் 92 நோடு கத்தும். அப்போது பக்கத்துச் சந்தில் நுழைந்தவருக்கு வெளிச்சம் தாமதமாகும்.

சந்துக்கு வைத்த நேரங்கள்: எழுச்சி 0.5 வினாடி, முழு வெளிச்சம் 120 வினாடி, பிறகு 40 சதவீதத்தில் 60 வினாடி, அதன்பின் 10 சதவீதம். நடமாட்டம் தொடரும்வரை சென்சார் 30 வினாடிக்கு ஒருமுறை தெரிவிக்கும். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்க வேண்டும். முழு வெளிச்ச நேரத்தைச் சோதனைக்காக 30 ஆக்கிவிட்டு, சென்சார் 60 வினாடிக்கு ஒருமுறை சொல்லும்படி விட்டால், ஆள் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு இறங்கி மறுபடி எழும். ஆறாம் சந்தில் இப்படித்தான் நடந்தது: சோதனைக்கு வைத்த எண்ணைத் திருப்பாமல் விட்டது, சென்சார் பழுதாகத் தோன்றியது.

சென்சார் நிற்கும் இடம்

முதலில் சந்தின் 1, 4, 8-ஆம் ஃபிட்டிங்குகளில் சென்சார். முனையிலேயே இருந்தால் நுழைபவரை உடனே பிடிக்கும் என்பது எண்ணம். குறுகிய நீண்ட லென்ஸ் போட்ட பிஐஆர் (உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார்) இந்த உயரத்தில் நீளவாக்கில் சுமார் 20 மீட்டர் பார்க்கிறது, இரு பக்கமும் 10. முதல் ஃபிட்டிங் முனையிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது; ஆக அதன் பார்வை சந்துக்கு வெளியே 7 மீட்டர் நீண்டது. குறுக்குப் பாதையில் ஒரு ஃபோர்க்லிப்ட் போனால் எட்டுச் சந்தும் வரிசையாக எழுந்தன. அதோடு 31-இலிருந்து 35 மீட்டர் வரை யாரும் பார்க்காத ஒரு துண்டும் நடுவில் விழுந்தது.

2, 5, 7-க்கு மாற்றியதும் இரண்டும் தீர்ந்தது. அவை 9, 27, 39 மீட்டரில் நிற்கின்றன. பார்வை முறையே 19 வரை, 17 முதல் 37 வரை, 29 முதல் 49 வரை. இடைவெளி இல்லை, வெளியே வழிவது இரு முனையிலும் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரும் வேண்டாம் என்றால் லென்ஸின் அந்த ஓரத்தில் சென்சாரோடு வரும் மறைப்புத் துண்டை மாட்டலாம். சாதாரண இன்சுலேஷன் டேப் கூரைச் சூட்டில் பசை விட்டு விழுந்துவிடும்.

பிஐஆர் குறுக்கே நகர்வதை நன்றாகப் பிடிக்கும், தன்னை நோக்கி வருவதை மெதுவாகவே பிடிக்கும். சோதிக்கும்போது சந்துக்குள் நேராக நடந்து, வெளிச்சம் எங்கே எழுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறி போட வேண்டும். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்துக்கு நெருங்க நெருங்க அதன் கூர்மை குறையும். காலையில் சோதித்துவிட்டுப் போனால் நண்பகலில் புகார் வரும், ஆகச் சூடு உச்சத்தில் இருக்கும்போதும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். இந்தக் குறைக்கு மாற்றாக மைக்ரோவேவ் சென்சார் சொல்வார்கள். அது கண்ணாடியையும் மெல்லிய பலகையையும் ஊடுருவும். அடுத்த அறையில் நடப்பவருக்கும், சுழலும் மின்விசிறிக்கும், அதிரும் தகரத்துக்கும் எழும். ரேக் சந்துக்கு அது ஒத்துவராது.

பேக்கிங் ஹாலில் பகல் வெளிச்சம்

இது பொறுமை தேவைப்படும் பகுதி. அவசரத்தில் பகலில் அளவு வைத்துவிட்டுப் போனால் ஒரு வாரத்தில் யாராவது சென்சாரின் மேல் அட்டை ஒட்டிவைப்பார்கள்.

இருட்டிய பின் தொடங்க வேண்டும். மேசைகளின் மேல், வேலை செய்யும் உயரத்தில் லக்ஸ் மீட்டரை வைத்து, விளக்கை 100-லிருந்து மெதுவாக இறக்கி, மிக மங்கலான மேசையிலும் சரியாக 300 லக்ஸ் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஃபிட்டிங் புதிது என்பதால் 100-க்கு வெகு முன்பே அது வந்துவிடும். அந்த அளவையே உச்ச வரம்பாக வைத்தால் வெயில், சென்சார் எதுவும் இல்லாமலே மிச்சம் தொடங்கிவிடும். விளக்கு வயதாகி மங்கும்போது வரம்பை ஏற்ற இடமும் இருக்கிறது. பிறகு இதே நிலையில் சென்சார் என்ன எண் காட்டுகிறது என்று குறித்து, அதைக் குறி எண்ணாகக் கொடுக்க வேண்டும். சென்சார் காட்டுவது மேசையின் 300 அல்ல. கூரையிலிருந்து பார்க்கும் எதிரொளி, அது பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். 300 என்ற எண்ணை நேரடியாகச் சென்சாருக்குக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு, விளக்கு எப்போதும் உச்சத்திலேயே நிற்கும்.

அடுத்த பகல் மேகமற்ற நேரத்தில் மறுபடி மேசையில் அளக்க வேண்டும். 300-க்குக் கீழே இறங்கினால் சென்சார் சன்னலையே நேராகப் பார்க்கிறது, அல்லது சன்னலோரத் தரையின் பளிச்சென்ற வெளிச்சத்தை. உள்பக்கம் நகர்த்தித் தலையைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். வெள்ளை அட்டைப் பெட்டிகள் சென்சாரின் நேர் கீழே அடுக்கப்பட்டாலும் இதே விளைவு: பெட்டி பளபளக்கும், சென்சார் வெளிச்சம் போதும் என்று நினைக்கும், மேசை இருளும். ஆகவே மேசைக்கு மேலே வைக்க வேண்டும், அடுக்கும் இடத்துக்கு மேலே கூடாது.

விளக்கு ஏறி இறங்கி ஊசலாடினால் இரண்டு காரணம். ஒன்று, கட்டுப்பாட்டுச் சுழல் மிக வேகம்; ஏற்றத்தின் வேகத்தையும் இறக்கத்தின் வேகத்தையும் தனித்தனியாகக் குறைக்கலாம், இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, ஒரே குரூப்பை இரண்டு சென்சார் ஆள்வது. சன்னல் வரிசை 6, உள் வரிசை 6, வரிசைக்கு ஒரு சென்சார் என்று பிரித்தால் சண்டை நிற்கும். குறி எண்ணைச் சுற்றி சில சதவீத அசையா எல்லையும் தேவை, மேகத்துக்கு மேகம் விளக்கு ஆடாமல் இருக்க.

ஒப்படைத்த பின் வரும் பழுதுகள்

10 சதவீதத்தில் சில ஹைபே மட்டும் துடித்தால் அந்த டிரைவரின் கீழ் எல்லை அதுதான், மற்றவை தாங்குகின்றன. அந்தச் சந்து முழுவதையும் 12 அல்லது 15-க்கு ஏற்றிவிடுவதே எளிய வழி, ஒரு விளக்குக்காக டிரைவர் மாற்ற வேண்டாம்.

கரன்ட் விட்டு விட்டு வந்த நாளுக்கு மறுநாள், சில நோடுகள் மெஷ்ஷிலேயே இல்லை, புதிது போலத் தனியாகக் காத்திருக்கின்றன. சில நோடுகளில் சுவிட்சைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டு அணைத்தால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. சப்ளை துள்ளினால் அதுவே அந்த எண்ணிக்கையைச் செய்துவிடும். அமைப்பில் இதை நிறுத்த முடிந்தால் ஒப்படைக்கும் முன்பே நிறுத்த வேண்டும். முடியாத நோடை, ஜெனரேட்டர் அடிக்கடி மாறும் கட்டிடத்துக்கு வாங்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது இது. அமைப்பு செய்த போன் உடைந்துவிட்டது. பேக்கப்பைப் புதிய போனில் ஏற்றியாயிற்று. எல்லா நோடும் பட்டியலில் தெரிகின்றன, இணைப்பும் கிடைக்கிறது, ஆனால் எந்தக் கட்டளைக்கும் அசைவில்லை. சுவர் சுவிட்சும் சென்சாரும் வழக்கம்போல் வேலை செய்கின்றன. மெஷ்ஷின் ரகசியக் குறியீட்டுச் சாவி தவறென்று நினைத்து நோடுகளை ஒவ்வொன்றாக அழித்துச் சேர்க்கத் தொடங்கினால் இரண்டு நாள் போகும்; தேவையே இல்லை. மெஷ்ஷில் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும். பழைய செய்தியை யாரும் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பி ஏமாற்றாமல் இருக்க, ஒவ்வொரு நோடும் ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்து, அதற்குக் கீழ்ப்பட்டதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். புதிய போன் அதே பழைய முகவரியில், எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. நோடுகளின் கணக்கில் அவை எல்லாம் பழைய செய்திகள். புதிய போனுக்கு யாரும் பயன்படுத்தாத வேறொரு முகவரி கொடுத்தால் உடனே எல்லாம் பதில் சொல்லும். ஆகவே ஒப்படைப்புத் தாளில் சாவிகள், குரூப் பட்டியல், ஸ்டிக்கர் ஒட்டிய தளவரைபடம் ஆகியவற்றோடு, இதுவரை எந்தப் போனுக்கு எந்த முகவரி கொடுத்தது என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும்.

ரேக் நிறைந்த பிறகு ஒருநாள் திரும்பி வந்து சிக்னலை மறுபடி அளந்தே தீர வேண்டும். முதல் நாள் எண்களைத் தளவரைபடத்தில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் எந்தச் சந்தில் எவ்வளவு விழுந்தது என்று அரை மணியில் தெரிந்துவிடும். −88-க்குக் கீழே போன ஃபிட்டிங்குக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்த ஒரு நோடைக் கடத்தும் நோடாக மாற்றினால் போதும், போனிலிருந்தே செய்யலாம், ஏற வேண்டியதில்லை.

உதிரி நோடுகளில் இரண்டை மெஷ்ஷில் சேர்த்தே அலமாரியில் வைப்பது வழக்கம், மாற்றும் நாளில் நேரம் மிச்சம். அப்படிச் சேர்த்து வைத்ததை மறந்துவிடக் கூடாது. வரிசை எண் தீர்ந்துபோகாமல் இருக்க மெஷ் முழுவதும் அவ்வப்போது ஐவி இண்டெக்ஸ் என்ற எண்ணை ஏற்றிக்கொள்ளும். அணைந்து கிடக்கும் நோடு 42 படி வரை பின்தங்கினாலும் தானே எட்டிப்பிடிக்கும், அதற்கு மேல் முடியாது. ஒரு படிக்குக் குறைந்தது 192 மணி நேரம் என்பது விதி, ஆக மிக வேகமாக ஏறினாலும் 48 வாரம் தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உதிரிக்குச் சப்ளை கொடுத்து, பட்டியலில் அது பச்சையாக வரும்வரை காத்திருந்து, தேதியை அதன் மேலேயே எழுதி மறுபடி அலமாரியில் வைக்கவும்.